பச்சை வந்தால் பார்க்கலாமாம்

‘என் கவனக்குறைவால் நேர்ந்தது’ என்று ஒரு தாளில் அச்சடித்து, அதன் கீழே என் சகலையையே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் மனைவியின் தங்கை கணவன் அவன். ஒரே வீட்டில் பெண் எடுத்தோம், ஒரே கம்பெனியில் ஒரே வேலை பார்த்தோம். அந்தத் தாளைப் படித்ததும் எனக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. இன்றைக்கு நினைத்தாலும் ஏறுகிறது. ஆகையால் நான் இதை நிதானமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

கவனக்குறைவாம்! யாருக்கு? வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், மறுபடி திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவனுக்கா? அவன் ஒரு டம்ளர் தண்ணீரை நம்மிடம் நீட்டினால்கூட, “கிடைச்சுதா?” என்று கேட்பான். நாம் “கிடைச்சுது” என்று வாய் திறந்து சொன்ன பிறகுதான் டம்ளரிலிருந்து விரலை எடுப்பான். சாவியைக் கொடுத்தாலும் அதே கேள்வி. போனில் ஒரு விலாசம் சொன்னால், நம்மைத் திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொள்வான். இந்தத் தொல்லை தாங்காமல் வேலையிடத்தில் அவனுக்குக் ‘கிடைச்சுதா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். “கிடைச்சுதா வந்தாச்சா?”, “கிடைச்சுதா சாப்பிடப் போயிருக்கான்” என்று அவன் சொந்தப் பெயர் மறந்தே போயிற்று.

அதற்காக அவனை வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். வாய் காதுவரை நீளும். தற்பெருமைக்கோ அளவே கிடையாது. “ஜாயின்ட் அடிக்கிறதுல என்னை அடிச்சுக்க இந்தக் கம்பெனியில எவன் இருக்கான், சொல்லு பார்ப்போம்” என்று என்னிடமே கேட்பான். நானும் அதே ஜாயின்ட் அடிக்கிறவன்தானே, எனக்கு எப்படி இருக்கும்? “இருக்கேன்டா, உன் முன்னாடியே உக்காந்திருக்கேன்” என்பேன். “நீயா? உன் கை ஆடுறது எனக்கு அடுத்த தெருவுலேர்ந்தே தெரியுது” என்பான். விரல்கள் கெட்டுப்போகுமாம், அதனால் வீட்டில் பாத்திரம் கழுவ மாட்டான். என் கொழுந்தியாள் விடுவாளா? கையுறை வாங்கிக் கொடுத்துக் கழுவ வைத்தாள்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனில் ஒரு படம் அனுப்புகிறீர்கள், யாரோ எங்கோ இருந்து பார்க்கிறார்கள். அது காற்றிலேயே பறந்து போகிறது என்று பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். காற்றில் போவது பக்கத்து டவர்வரைக்கும்தான். அதற்கப்புறம் மண்ணுக்கடியில் போகிறது. கருப்பாக ஒரு கேபிள், அதற்குள்ளே தலைமயிர் கனத்தில் கண்ணாடி இழைகள். அந்தக் கண்ணாடிக்குள் வெளிச்சம் மின்னி மின்னி ஓடும். அந்த மின்னல்தான் உங்கள் படம், உங்கள் குரல், எல்லாம். கேபிளை எவனாவது மண்வெட்டும் இயந்திரத்தால் அறுத்துவிட்டால், நாங்கள் போய் அந்த மயிரிழைகளை ஒவ்வொன்றாக நேர் பார்த்து, மெஷினில் வைத்து உருக்கி ஒட்டுவோம். அதுதான் ஜாயின்ட்.

சகலை இந்தத் தொழிலுக்குள் வந்தது கேபிள் புதைக்கக் குழி தோண்டுகிறவனாக. வெயிலில் நின்று தோண்டிக்கொண்டிருந்தபோது, ஜாயின்ட் அடிக்கிறவர் மட்டும் வேனுக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறான். கண்ணாடியில் தூசி படக்கூடாது என்பதற்காக ஏசி, ஆளுக்காக இல்லை. “கண்ணாடிக்கு இருக்கிற மரியாதைகூட நமக்கு இல்லையே” என்று அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வேனுக்குள் ஏறியே தீருவது என்று அன்றே முடிவு செய்து, கெஞ்சியும் கொஞ்சியும் அந்த ஆளிடம் வேலையைக் கற்றுக்கொண்டான். சின்ன வயதில் பந்து பட்டு அவனுக்கு இடது கண் மங்கல், ஆள் அசைவதுதான் தெரியும். எல்லா வேலையும் வலது கண்ணாலேயே. “ஒத்தக் கண்ணாலயே உங்க ரெண்டு கண்ணை ஜெயிச்சுட்டேன் பாத்தியா” என்று அதிலும் ஒரு பெருமை.

கல்யாணமும் இந்தக் கேபிளால் வந்ததுதான். என் மாமனார் வீட்டு லைன் அறுந்துபோய், இவன் போய்ச் சரி செய்துவிட்டுக் கம்பத்து மேலிருந்து “கிடைச்சுதாங்க?” என்று கத்தியிருக்கிறான். என் கொழுந்தியாள் ஜன்னலில் நின்றுகொண்டு “கிடைக்கல” என்றாளாம். லைன் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. மறுநாளும் வந்தான், மறுநாளும் “கிடைக்கல”. கடைசியில் என் மாமனாரே வெளியே வந்து, “தம்பி, கீழ இறங்கு, லைன்ல கோளாறு இல்ல, என் வீட்லதான் கோளாறு” என்றார்.

அந்தக் ‘கிடைச்சுதா’ வெறும் குணக்கேடு இல்லை, அது தொழில். ஒருநாள் என் மனைவி சும்மா இருக்காமல், “ஒரு போட்டோ எப்படிப்பா அவ்ளோ தூரம் உடையாம போகுது?” என்று கேட்டுத் தொலைத்துவிட்டாள். அவள் தையல்காரி. மேசை மேல் அளவு வெட்டி வைத்திருந்த தாளை இவன் எடுத்துக் கிழிகிழியென்று கிழித்தான். “உடையாம எங்க அண்ணி போகுது? உடைச்சுத்தான் அனுப்பும். ஒவ்வொரு துண்டு மேலயும் விலாசம், வரிசை நம்பர். ஒண்ணு இந்தப் பக்கமா போகும், ஒண்ணு அந்தப் பக்கமா போகும். அங்க போய் நம்பர் பார்த்து அடுக்கிக்கும். நடுவுல ஒண்ணு குறைஞ்சா, ‘ஏழாவது வரல, அனுப்பு’ன்னு அங்கேர்ந்து கேக்கும். கிடைச்சுதுன்னு பதில் வர்ற வரைக்கும் அனுப்பினவன் அந்தத் துண்டைக் கீழ போடக்கூடாது. அவ்ளோதான் மொத்த இன்டர்நெட்டே.” அவனுக்கு ஒரே குஷி. என் மனைவி தரையில் கிடந்த துண்டுகளைக் காட்டி, “இப்ப இதை அடுக்கு. அடுக்கிட்டுத்தான் உனக்குச் சோறு” என்றாள்.

அப்படிப்பட்டவனைத்தான் கவனக்குறைவானவன் என்கிறார்கள். வயிறு எரியாதா?

விஷயத்துக்கு வருகிறேன். கேபிளின் முனைகள் தெருவோரப் பெட்டிகளில் வந்து செருகியிருக்கும். அந்த முனையில் ஒரு தூசி ஒட்டினாலும் வெளிச்சம் மங்கிப்போகும், ஊரே ‘நெட் இல்லை’ என்று கூப்பாடு போடும். அப்போது முனையைக் கழற்றி, ஸ்கோப் என்கிற சின்னக் குழாயைக் கண்ணில் வைத்து, தூசி இருக்கிறதா என்று பார்த்துத் துடைக்க வேண்டும். இதில்தான் எமன் உட்கார்ந்திருக்கிறான். அந்த இழையில் ஓடுகிற வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாத வகை. முனை இருட்டாகத்தான் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கிற லைனும் இருட்டு, நிறுத்தின லைனும் இருட்டு. தூரத்து ஊருக்குப் போகிற லைனில் வெளிச்சத்தின் பலம் அதிகம். அதை ஸ்கோப் வழியாகப் பார்த்தால் கண்ணின் நடுப்பகுதி பொசுங்கிவிடும். வலிக்கவும் வலிக்காது.

அதனால் லைனை நிறுத்தாமல் ஸ்கோப்பைத் தொடக்கூடாது என்பது சட்டம். முன்பெல்லாம் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்வோம். அங்கே ஒரு அம்மா இருந்தார். ‘ரிப்பீட் மேடம்’ என்போம், நாம் சொன்னதையெல்லாம் ஒரு தரம் திருப்பிச் சொல்வார் என்பதால். “பெட்டி நம்பர் சொல்லுங்க... திருப்பிச் சொல்றேன், கேட்டுக்குங்க... நிறுத்தப் போறேன்... லைன்ல இருங்க.” எழுந்து போய்த் தன் கையாலேயே நிறுத்தி, சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு, திரும்பி வந்து, “நிறுத்தியாச்சு. இப்ப பாருங்க” என்பார். அந்தக் குரல் வந்த பிறகுதான் சகலை மூடியைக் கழற்றுவான். “இந்த அம்மாவும் நானும் ஒரே ஜாதி சகல, ரெண்டு பேருக்கும் சந்தேகம் தீராது” என்று சிரிப்பான்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுக்க ஒரு புது மேலாளர் வந்து சேர்ந்தார். வந்ததும் போனில் போட்டுக்கொள்கிற ஒரு ஆப்பைக் கொண்டுவந்தார். போன் எல்லாம் வேண்டாம், நேரம் வீண், பெட்டி நம்பரைத் தட்டிப் பட்டனை அமுக்கினால் போதும், திரை பச்சையானால் வேலையை ஆரம்பிக்கலாம் என்றார். எங்களையெல்லாம் ஒரு ஹாலில் உட்கார வைத்து, பெரிய திரையில் படம் போட்டு, “பச்சை வந்தா பார்க்கலாம்” என்று எங்களையே கோரஸாகச் சொல்ல வைத்தார். ரிப்பீட் மேடத்தைக் கணக்குப் பிரிவில் ஒரு மூலையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அன்றைக்கும் எழுந்து கேட்டது ஒரே ஆள்தான், என் சகலை. “சார், பச்சை யாரு குடுக்குறா? நிறுத்தினவங்களா, மெஷினா?” மேலாளர் சிரித்தார். “சிஸ்டம் குடுக்குதுப்பா. மனுஷன் மறப்பான், சிஸ்டம் மறக்காது.” கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். இவன் உட்கார்ந்துவிட்டான்.

வெளிச்சம் ஓடுகிறதா என்று அளக்க ஒரு மீட்டர் உண்டே, அதை வைத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். விசாரணையிலும் கேட்டார்கள், வெட்கமே இல்லாமல்! மீட்டர்கள் தொலைகின்றன என்று எல்லாவற்றையும் வாங்கி ஸ்டோரில் வைத்துப் பூட்டிச் சாவியை வைத்திருந்ததே அவர்கள்தான். கண்ணைக் காக்கிற வடிகட்டி வைத்த ஸ்கோப் வேண்டும் என்று கேட்டோம். மலிவில் கிடைத்ததை மொத்தமாக வாங்கிப் போட்டார்கள். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எங்களுக்கோ நாலு பக்கமும்.

அன்றைக்கு அவன் ஒரு பெட்டியிடம், நான் சில தெரு தள்ளி அடுத்த பெட்டியிடம். நல்ல பகல் வெளிச்சம். தூரத்து லைன் ஒன்று மங்கிவிட்டது. மேலாளர் மாறி மாறி இருவருக்கும் போன் போட்டு, “இன்னுமா முடியல? இன்னுமா முடியல?” என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். நானும் சகலையும் எப்போதும்போல் போன் இணைப்பை வெட்டாமல் பேசிக்கொண்டே வேலை பார்த்தோம். அவன் பட்டனை அமுக்கினது எனக்குத் தெரியும். அமுக்குகிறேன் என்று சொல்லித்தான் அமுக்கினான். “பச்சை வந்துடுச்சு சகல. ஆனா மனசு ஒப்பல, கன்ட்ரோல் ரூமுக்கும் ஒரு போன் போட்டுடறேன்” என்றான். போட்டான். அங்கே மனிதக் குரலையே எடுத்துவிட்டிருந்தார்கள். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ என்று பதிவு செய்த குரல் ஓடியது. முக்கியமாம்! மறுபடி போனில் என்னிடம் வந்து, “எவனும் எடுக்கல. சரி, பச்சைதான் வந்துடுச்சே” என்று சொல்லி ஸ்கோப்பைக் கண்ணில் வைத்தான்.

துடைத்தான், செருகினான், லைன் நன்றாகிவிட்டது. மேலாளரிடமிருந்து ‘சபாஷ்’ என்று ஒரு கட்டைவிரல் படம்கூட வந்தது. வேன் டிரைவர் அவனை நான் இருக்கிற இடத்தில் கொண்டுவந்து இறக்கினார். என்னையே உற்றுப் பார்த்தான். கண்ணைக் கசக்கினான். மறுபடி பார்த்தான்.

“சகல, உன் மூக்கு எங்க?” என்றான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் வழக்கமாக அடிக்கிற கேலிதான் என்று நினைத்தேன். “அது இருந்த இடத்துலதான்டா இருக்கு” என்றேன். “இல்ல சகல, நிஜமா. காது தெரியுது, முடி தெரியுது. நடுவுல மூஞ்சியையே காணோம்” என்றான். அப்போதுதான் அவன் குரல் நடுங்குவது என் காதில் விழுந்தது. அவனை அதே வேனில் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

கண் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். வலது கண்ணின் நட்டநடுவில் சுட்டிருக்கிறது, ஓரங்கள் தெரியும், எதை நேராகப் பார்க்கிறானோ அது மட்டும் தெரியாது என்றார். சரியாகுமா என்று என் கொழுந்தியாள் கேட்டாள். டாக்டர் மூடி மறைக்கவில்லை. “ஆகாதும்மா” என்றார். எழுத்தைப் பார்த்தால் எழுத்து மறைந்துவிடும். முகத்தைப் பார்த்தால் முகம் மறைந்துவிடும். இனி அவன் தலைமயிர் கனத்து இழையை எங்கே பார்ப்பது, எங்கே ஒட்டுவது? கட்டிலில் உட்கார்ந்து தன் விரல்களையே முகத்துக்குப் பக்கவாட்டில் வைத்து, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். அழுதேன் என்று சொல்ல எனக்கென்ன வெட்கம்.

வீட்டுக்கு வந்து பார்க்கக்கூட இல்லை, அதற்குள் கம்பெனி அந்தத் தாளை அனுப்பிவிட்டது. பட்டனை அமுக்கினவுடன் சிஸ்டம் லைனை நிறுத்திவிட்டதாம். இவன் அமுக்குவதற்கு முன்பே அவசரப்பட்டுப் பார்த்துவிட்டானாம். ‘என் கவனக்குறைவால் நேர்ந்தது’ என்று கையெழுத்துப் போட்டால், பெரிய மனது பண்ணி வரவேற்பில் உட்கார ஒரு நாற்காலி தருவார்களாம். போடாவிட்டால் வேலை இல்லை. நான் போய், “நான் போன்ல கேட்டுக்கிட்டே இருந்தேன் சார், அமுக்கிட்டுத்தான் பார்த்தான்” என்று கத்தினேன். மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா? “நீங்க சொந்தக்காரர். உங்க சாட்சி செல்லாது.” சொந்தக்காரன் என்றால் காது கேட்காதா?

ரிப்பீட் மேடம்தான் உண்மையைச் சொன்னார். அலுவலகத்து வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “என் பேரை வெளிய விட்டுடாதீங்க தம்பி, எனக்கும் குடும்பம் இருக்கு” என்று கைகூப்பிவிட்டுச் சொன்னார். நீங்கள் அனுப்பின செய்தி இங்கே வந்து சேர்ந்தாலே பச்சை காட்டிவிடுமாம். லைனை நிறுத்துவதோ அதற்கப்புறம், இங்கே ஒரு ஆள் அதைத் திரையில் பார்த்து, எழுந்து போய்ச் செய்ய வேண்டியது. அந்த ஆள் வேறு வேலையில் இருந்தால் அது அப்படியே காத்துக் கிடக்குமாம். நிறுத்தச் சொன்னது வந்து சேர்ந்தது என்பதைத்தான் பச்சை சொல்கிறது, நிறுத்தியாகிவிட்டது என்பதை இல்லை. வேலை சீக்கிரம் முடிகிற மாதிரி தெரிய வேண்டும் என்று மேலாளரே அப்படி வைக்கச் சொன்னாராம். அட பாவிகளா! வந்து சேர்ந்ததற்கும் நடந்து முடிந்ததற்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மங்களா ஊருக்கெல்லாம் செய்தி அனுப்புகிற கம்பெனியை நடத்துகிறது? அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. பயந்து பயந்து அவ்வளவாவது சொன்னாரே.

இதைச் சகலையிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தால், சோர்ந்து படுத்துவிட்டான். “யார் கேப்பா சகல? போட்டுத் தொலைச்சிடறேன். நாற்காலியாவது மிஞ்சும்” என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “கண்ணு போனதுகூடப் பரவாயில்ல. கவனம் இல்லாதவன்னு எழுதிட்டானுங்களே. அதைத்தான் தாங்க முடியல” என்றான். என் கொழுந்தியாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். “நீங்க போட்டுப் பாருங்க, அந்தக் கையை ஒடிச்சுடறேன். நாற்காலி வேணும்னா நான் வாங்கிப் போடறேன்” என்றாள்.

கையெழுத்து வாங்க வரச் சொன்ன நாளில் நாங்கள் மூவரும் போனோம். மேலாளர், பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர், இருவர் மட்டும். பாதுகாப்பு அதிகாரியாம், சகலைக்குக் கண் போன பிறகு அன்றுதான் அவரை முதல் முதலாகப் பார்க்கிறேன். என் கொழுந்தியாள், “எனக்குப் படிக்கத் தெரியும் சார், புரியத்தான் மாட்டேங்குது. உங்க சிஸ்டம் எப்படி நிறுத்துதுன்னு ஒரு தரம் காட்டுங்க, அப்புறம் போடச் சொல்றேன்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் என்ன, போடச் சொல்கிறேன் என்கிறாளே!

மேலாளருக்கு வாயெல்லாம் பல். “இதுக்கென்னம்மா, வாங்க” என்று பக்கத்து இயந்திர அறைக்கு அழைத்துப் போனார். வரிசை வரிசையாக அலமாரிகள், சின்னச் சின்ன விளக்குகள், மின்விசிறிகளின் இரைச்சல். ஒரு லைன் அறுந்தால் கைகொடுப்பதற்காக எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மாற்று லைன் ஒன்றின் முனையைத் தானே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஆப்பைத் தட்டினார். திரை பச்சையானது.

“பார்த்தீங்களாம்மா? பச்சை. லைன் க்ளோஸ். சிஸ்டம் பொய் சொல்லாது.”

“அப்ப இதுல இப்ப வெளிச்சம் ஓடல?”

“ஒரு பொட்டு ஓடல.”

“நிச்சயமா சார்?”

“நூத்துக்கு நூறு. உங்க வீட்டுக்காரர் பச்சை வர்றதுக்கு முன்னாடியே அவசரப்பட்டுட்டார். அதான் விஷயம்.”

விசாரணைக்காகச் சகலையின் ஸ்கோப்பை அங்கே மேசையில் வைத்திருந்தார்கள். அவள் அதை எடுத்தாள். மேலாளர் கையிலிருந்த முனையை வாங்கினாள். வீட்டில் கணவன் செய்வதை எத்தனையோ தரம் பார்த்தவள், முனையை ஸ்கோப்பில் சரியாகச் செருகினாள். செருகி, அதை மேலாளர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அப்ப நீங்க பாருங்க சார்.”

அவர் சிரித்தார். “நான் எதுக்கும்மா?”

“ஒரு தரம். சும்மா ஒரு தரம் கண்ணை வச்சு எடுங்க. பார்த்துட்டா இவரு இங்கேயே போட்டுடுவாரு.”

மேலாளர் ஒரு அடி பின்னால் போனார். இவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். அவர் முதுகு அலமாரியில் இடித்தது. பக்கத்திலிருந்த பாதுகாப்பு அதிகாரி பதறிப்போய், “அம்மா அம்மா, அதை அப்படி ஆள் மூஞ்சிக்கு நேரா நீட்டாதீங்க! கண்ணுல பட்டுடப் போகுது!” என்று கத்தினார்.

“என்ன சார் படும்?” என்று அவள் அவர் பக்கம் திரும்பினாள். “பச்சை வந்துடுச்சே!”

அவள் அவரிடமும் நீட்டினாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். இருவரும் மெத்தப் படித்தவர்கள், இருவருக்கும் அந்தப் பச்சையின் லட்சணம் தெரியும். தெரிந்துதான் தாள் அடித்திருக்கிறார்கள்.

“உங்க கண்ணு உங்களுக்கு வேணும். நியாயம்தான். இவரு கண்ணு மட்டும் யாருக்கும் வேணாம்னு நினைச்சுட்டீங்களா?” என்று கேட்டாள். உரக்கக்கூடக் கேட்கவில்லை. ஸ்கோப்பை மேசையில் வைத்துவிட்டு, “வாங்க போகலாம்” என்று கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தத் தாள் அப்புறம் எங்கள் பக்கம் வரவே இல்லை. வேலையை விட்டு நீக்கினதாகவும் சொல்லவில்லை. ஆப்பை மாற்றினார்கள். இப்போது அனுப்பினவுடன் மஞ்சள்தான் வருகிறது, கன்ட்ரோல் ரூமில் ஆள் போய் நிறுத்தின பிறகுதான் பச்சை. ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி கிடையாது. தப்பு எங்கள் பேரில் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி அதே ஹாலில் எங்களை உட்கார வைத்து, அதே மேலாளர் புது நிறத்துக்கு வகுப்பு எடுத்தார். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

அன்றைக்கு அந்த அறையிலிருந்து வெளியே வந்து படியிறங்கும்போது, சகலை என் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

“சகல, அவ நீட்டினப்ப அந்தாளு மூஞ்சி எப்படி இருந்துச்சு? நான் நேரா அவனைத்தான் பார்த்தேன். ஒண்ணும் தெரியல.”

வெளுத்துப் போச்சு என்றேன். உதட்டை நக்கினான், தொண்டை ஏறி இறங்கிச்சு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டான் என்றேன்.

“மூடிக்கிட்டானா?”

“ரெண்டு கண்ணையும்.”

“இன்னொரு தரம் சொல்லு” என்றான்.

சொன்னேன். தெருவுக்கு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.